நவம் அண்ணை திருப்பிச் சொன்ன கண்டல் கதை

செய்தி வந்தபோது பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் ஆய்வுக்காக முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. கையுறை முழுக்கச் சேறு. கரையேறிக் கை கழுவிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: நவம் அண்ணை காலமாகிவிட்டார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர், நான் அவரைக் குறுக்கிட்டுத் திருத்திய அன்றைக்கு அந்த அறையில் இருந்தீர்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நவரத்தினம் என்ற நவம் அண்ணை, மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஆய்வாளர்கள் பயந்தது அவர் ஒருவருக்குத்தான். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வைப் பற்றியோ புதிய புத்தகத்தைப் பற்றியோ எல்லோருக்கும் புரியும்படி அரைமணி நேரம் பேசுவார். பிறகு, கேட்டவர்களில் ஒருவர் எழுந்து அதைத் தம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் குற்றம் ஆய்வாளருடையது. அவர் மறுபடி விளக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அண்ணைதான். “நான் பெட்டி இறக்கினவன். திறந்து பாக்காமல் வந்து சேர்ந்திட்டுது எண்டு கையெழுத்து வைக்கேலாது” என்பார்.

விண்மீன்களைப் பற்றிப் பேச வந்த ஒரு பேராசிரியரை மூன்று முறை விளக்க வைத்தார். மூன்றாவது முறை அந்த மனிதர் தட்டிலிருந்த வடைகளை மேசையில் பரப்பி விளக்கினார், அறைக்கே புரிந்தது. இத்தனை வருடத்தில் தன் மனைவிக்குக்கூட இதைப் புரியவைக்க முடிந்ததில்லை என்று வாசலில் அவர் குறைபட்டுக்கொண்டார். அண்ணை நாலு வடையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தனுப்பினார்.

போன வருடம் என் முறை வந்தது. அலையாத்தி மரங்களைப் பற்றிய என் முதல் தமிழ்ப் புத்தகம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. நான் அலையாத்தி என்பதை அண்ணை கண்டல் என்பார். கடல் தெரியாமல் மறைக்கிறது, வெட்டினால் என்ன என்று இங்கே பலரும் கேட்கிற மரம் அது. உப்புநீரில் அது எப்படிப் பிழைக்கிறது என்று பேசி முடித்தேன். அண்ணை எழுந்து, வேர் உப்பையெல்லாம் குடித்துவிடும், இலை அதையெல்லாம் வெளியே துப்பிவிடும் என்றார். வழக்கமெல்லாம் எனக்கு மறந்துபோனது. “அது தப்புங்க” என்று குறுக்கிட்டு, கவனித்துக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பெடுத்துத் தடித்துப்போன வாய். உங்களில் சிலர் சிரித்தீர்கள். பெரும்பகுதி உப்பை வேரே வெளியில் நிறுத்திவிடும், தப்பி உள்ளே வருவதைத்தான் இலை வெளியேற்றும் என்று விளக்கிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணை “ஓம் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் தொலைபேசியில் அழைத்தேன், அணைத்து வைத்திருந்தார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், காரில் கால்மணி நேரம்தான். பரீட்சைத் தாள், மழை, ஆய்வு மாணவர்கள் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. இருபது பேர் நடுவில் அவமானப்படுத்தி, அவர் உண்டாக்கிய கூட்டத்திலிருந்தே அவரை விரட்டிவிட்டேன் என்ற நினைப்போடு எட்டு மாதம் ஓட்டினேன்.

செய்தி வந்த அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். அண்ணையின் மனைவி சரோஜா அக்கா என் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டேன். அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு மன்னிக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றைக்கு, என்ன பேசினாய் என்று திருப்பிக் கேட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். “சொன்னால் சனம் பழம் வாங்கிக்கொண்டு பாக்க வந்திடும். அவருக்குப் பழமும் சாப்பிடேலாது” என்றார் அக்கா.

பின்னால் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, டயாலிசிஸில் அண்ணையின் பக்கத்து நாற்காலிக்காரர் என்று அறிமுகம் செய்தார். பெயர் முனியாண்டி, மலேசியாவிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரத்தில் அண்ணை என் புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சொல்லி, இவரைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். அந்த நிலையிலும் எனக்குள் இருந்த வாத்தியாரம்மா சும்மா இருக்கவில்லை. உப்பு என்ன ஆகிறது என்று அவரிடம் கேட்டேன்.

“முக்காவாசிய வேரே நிப்பாட்டிடும்லா. தப்பிச்சு ஏறுனதத்தான் எல வெளிய தள்ளும்” என்றார் முனியாண்டி. “மொதல்ல நானும் எல்லாத்தையும் எலதான் துப்புதுன்னு சொன்னேன். நவம் சிரிச்சாரு. இதே எடத்துல தானும் பிழை விட்டதாவும், அந்தப் பிள்ளை விடாமப் பிடிச்சதாவும் சொன்னாரு. பெட்டியத் தொறந்து பாத்துட்டுக் கையெழுத்து வைக்கிற பிள்ளையாம்.”

துக்க வீட்டில் எனக்கு வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது அந்தக் கூடத்திலேயே இறங்கிவிட்டது. போய்ப் பார்க்காத குற்றம் என்னுடையதுதான், அதற்கு இனி மாற்று இல்லை. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. அக்கா கொடுத்த பாலில்லாத தேநீரை முழுக்கக் குடித்தேன். கிளம்பும்போது, தான் இன்னும் புத்தகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கேட்கவில்லை என்றார் முனியாண்டி. அவருக்கும் சனிக்கிழமை டயாலிசிஸ். எங்கள் கூட்டத்துக்கு வரமுடியாது.

அதனால் இப்போது வியாழக்கிழமைகளில், டயாலிசிஸ் நேரத்தில், புத்தகத்தோடு நான் அவரிடம் போகிறேன். நவம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்த வழக்கம்தான். போன வாரம் முனியாண்டி ஓரிடத்தில் தவறாகத் திருப்பிச் சொன்னார். நான் சரியாகச் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.