கழிப்பறை நாட்காட்டியில் மார்ச் ஒன்பது

பெண்களின் உள்ளாடைக் கடைக்கு முன்னால் சிப்ரன் வீர்ஸ்மா நிற்பது அந்த வாரத்தில் நாலாவது தடவை. அறுபத்தெட்டு வயது மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் தொங்குவதையெல்லாம் ஒரு வேலைக்கு விலை சொல்லப் போகிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரி பௌக்யே கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மறுபடியும் வந்துட்டீங்களா சிப்ரன்? யெட்ஸ்கேயோட அளவு தெரிஞ்சா சொல்லுங்க, நல்லதா எடுத்துத் தரேன்."

"சும்மா பாக்கறேன்."

"இந்தக் கடையில நாலு நாளா சும்மா பாத்தா ஊரு பேசும்."

"பேசட்டும். ஊரு நடக்கற கல்லு நான் போட்டது."

அவர் சொன்னது உண்மை. ஃப்ரீஸ்லாந்தின் இந்தச் சின்ன ஊரில் கடைத்தெரு, சந்தைத் திடல், தேவாலயத்தைச் சுற்றிய பாதை, கால்வாயின் இரண்டு கரை, எல்லாம் சிப்ரன் முட்டிபோட்டுப் பதித்த செங்கல். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு தள்ளுவண்டியும் ஒரு ரப்பர் சுத்தியலுமாக ஆரம்பித்து, இருபத்திரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியாக நின்றவர். படித்தவர்கள் வரைபடம் போட்டுச் செய்த தெருக்கள் ஏழு வருடத்தில் குளமாகிப்போனதை நாமே பார்த்திருக்கிறோம். சிப்ரன் போட்ட தெருவில் முப்பது வருடம் கழித்தும் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்காது. இதில் பெருமை பேச ஒன்றுமில்லை. மழை நாளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மனிதருக்கு இப்போது தன் வாசலிலிருந்து நூற்றுப்பத்துக் காலடிக்கு மேல் நடக்க முடியவில்லை. நூற்றுப்பத்தாவது எட்டில் இடது கெண்டைக்காலைக் குறடு போட்டுப் பிடித்த மாதிரி ஒரு வலி வரும். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். அந்த நூற்றுப்பத்தாவது எட்டு சரியாகப் பௌக்யேயின் கடை வாசலில் விழுந்தது அவர் குற்றமில்லை.

அக்டோபரில் டாக்டர் போஸ்ட்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "இதுக்குக் கடைக்கண்ணாடிக் கால்னு பேரு. வலியை வெளிய காட்டிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு கடையா பாக்கற மாதிரி நிப்பாங்க. நீங்க எந்தக் கடையில நிக்கறீங்க?"

"ரொட்டிக் கடையில" என்றார் சிப்ரன்.

"ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. ஐம்பத்தஞ்சு வருஷப் புகை. நிறுத்திட்டு, தினம் நடங்க. வலிச்சா நில்லுங்க, போனதும் திரும்ப நடங்க. கால் தேறிக்கும். நிறுத்தலன்னா ஒரு நாள் நீங்க வேற டாக்டர்கிட்ட போக வேண்டிவரும்."

"வேற டாக்டர்னா?"

"அறுக்கறவர்."

வாழ்நாள் முழுக்க முட்டியில் நின்று சம்பாதித்தவருக்குக் காலைப் பற்றி இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும். வீட்டுக்கு வந்தார். பின்பக்கக் கொட்டகையில் ஆணி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த புகையிலைப் பொட்டலத்தையும் சுருட்டும் தாளையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டினார். அது அக்டோபர் பதினாலு. மனைவி யெட்ஸ்கேயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. புகையை நிறுத்துவது இது ஐந்தாவது தடவை.

முதல் தடவை மகள் பிறந்தபோது. மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது, தன் ஆட்களிடம் பந்தயம் கட்டி. ஐந்து வாரம் போனது, பிறகு ஒரு பாலத்தடி வேலை முடிந்த மதியம் கை தானாகப் பக்கத்தில் இருந்தவனின் பொட்டலத்துக்குள் போய்விட்டது. மூன்றாவது, தோளில் நிகோடின் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டு. ஒட்டிக்கொண்டே புகைத்தார். தலை சுற்றிச் சந்தைத் திடலின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

நாலாவதுதான் மோசம். அதில் நாட்காட்டி வருகிறது.

பிறந்தநாள் நாட்காட்டி எங்கள் வீடுகளில் கழிப்பறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தொங்கும். அதில் கிழமை கிடையாது, வருடமும் கிடையாது. ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் போதும். வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து யாருக்கு எப்போது என்று படித்து வைத்துக்கொள்வார்கள். அதில் ஏறிய பெயர் மறக்கப்படாது. தன் பிறந்தநாளை ஒருவன் மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி கேக்கோடு வந்து நிற்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், மார்ச் ஒன்பதாம் தேதி, சிப்ரன் புகையை நிறுத்திய நாளில், எல்லோருக்கும் தெரிந்தால்தான் தனக்கு வெட்கம் இருக்கும் என்று நினைத்து, கல்லில் குறி போடும் கறுப்பு மையால் அந்த நாட்காட்டியில் எழுதினார்: சிப்ரன் நிறுத்தினான். செங்கல்லில் மழைக்கே அழியாத மை அது.

எட்டு மாதம் ஓடியது. நவம்பரில் சந்தைத் திடல் வேலை முடிந்தது. அவர் கையால் போட்ட கடைசிப் பெரிய வேலை. கடைசிக் கல்லைத் தட்டி உட்காரவைத்து நிமிர்ந்தபோது உதட்டில் சிகரெட் இருந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அடுத்த மார்ச் ஒன்பது வந்தது. வாசலில் மணி அடித்தது. மைத்துனர் ஹெஸ்ஸல், அவர் மனைவி, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், பௌக்யே, எல்லோரும் வந்து வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முறைப்படி ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து கைகொடுத்தார்கள். சிப்ரனுக்கு வாழ்த்து. யெட்ஸ்கேக்கு, உன் புருஷனுக்காக வாழ்த்து. ஹெஸ்ஸலுக்கு, உன் மச்சானுக்காக வாழ்த்து. இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய ஆரஞ்சுக் கேக்கை ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டார்கள். சிப்ரன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தார்.

குப்பை கொட்ட வந்த யெட்ஸ்கே பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை. "கேக் இன்னும் ரெண்டு துண்டு இருக்கு. ஹெஸ்ஸல் உன்னைத் தேடறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கையெழுத்துப் போடாமல், கைகொடுத்தே பாதி ஊருக்கு வேலை செய்தவர் சிப்ரன். சொன்ன நாளில் தெரு முடியும், சொன்ன விலையில் முடியும். அப்படிப்பட்டவரின் பேச்சு அந்தக் கொட்டகைக்குப் பின்னால் யெட்ஸ்கேயின் முன்னால் செல்லாமல் போயிற்று. அதன் பிறகும் வருடா வருடம் மார்ச் ஒன்பது வந்தது, கேக் வந்தது, அவர் நன்றி சொன்னார். அவள் காப்பி ஊற்றினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள்.

அதனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. வலித்தால் பௌக்யே கடை, போனதும் திரும்ப நடை. டிசம்பரில் வலி நூற்றைம்பதாவது எட்டுக்குத் தள்ளிப்போனது, அது மூக்குக்கண்ணாடிக் கடை. ஜனவரிப் பனியில் இருநூறு. யெட்ஸ்கேக்கு மூக்கு இருக்கிறது, துணியை அவள்தான் துவைக்கிறாள், தெரியாமல் இருக்காது. ஆனாலும் அவள் கேட்கவில்லை. நாலு தடவை நம்பினவள் ஐந்தாவது தடவைக்கு அவசரப்பட மாட்டாள்.

பிப்ரவரி கடைசியில் கடைத்தெருவின் ஒரு மூலையைத் தோண்டிக் குழாய் போட்டார்கள். மேலே கல்லைத் திரும்பப் பதிக்க அவருடைய பழைய ஆட்களே வந்திருந்தார்கள். மேஸ்திரி ட்யால்லிங் முட்டிபோட்டிருந்தான். சிப்ரன் நடையில் அங்கே வந்து நின்றார். இப்போது வலித்ததால் அல்ல.

"மூணாவது வரிசை கோணலா ஓடுது" என்றார்.

"ஓடல முதலாளி."

"என் கண்ணு பொய் சொல்லுமா?"

"உங்க கண்ணு சொல்லாது. உங்க மூக்குக்கண்ணாடிதான் பழசு."

சிப்ரன் குனிந்து, அவன் கையிலிருந்த நூலைப் பிடுங்கி இழுத்துக் காட்டினார். ஓடியிருந்தது, அரை விரல். ட்யால்லிங் இரண்டாவது முட்டி மெத்தையை அவர் பக்கம் தள்ளினான். இருவரும் ஒன்றரை மணி நேரம் போட்டார்கள். பதினோரு வரிசை. ஓய்வு பெற்ற பிறகு சிப்ரன் கல்லைத் தொடுவது அதுதான் முதல் தடவை. கை மறக்கவில்லை. கடைசிக் கல் உள்ளே போனது, சுத்தியலால் இரண்டு தட்டு, சமம்.

அந்த நொடியில் வலது கை சட்டைப் பைக்குப் போனது.

பை காலி. ட்யால்லிங் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடம் கூட வேலை செய்தவன், அன்பில்தான் தன் பொட்டலத்தைத் திறந்து நீட்டினான். ஈரப் புகையிலையின் வாசனை அவர் முகத்துக்கு வந்தது. வாயில் எச்சில் ஊறியது. நாலு தடவையும் தோற்ற இடம் இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கோபத்தில் இல்லை, துக்கத்தில் இல்லை. ஒரு வேலை முடிந்த இடத்தில். பற்றவைக்காவிட்டால் வேலை முடிந்ததாகவே அவர் உடம்பு ஒத்துக்கொள்ளாது.

"எடுங்க முதலாளி. வேலை முடிஞ்சு ஒண்ணு இழுக்காம நீங்க எந்திரிச்சதே இல்ல."

சிப்ரன் சுத்தியலைக் கையில் எடுத்தார். உட்கார்ந்துவிட்ட கல்லையே மெல்லத் தட்டினார். பக்கத்துக் கல்லைத் தட்டினார். அதற்கும் பக்கத்துக் கல்லை.

"இன்னும் முடியல" என்றார்.

"எங்க முடியல? எல்லாம் போட்டாச்சு."

"அடுத்த தெரு இருக்குல்ல."

"அது யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா இருக்கு."

ட்யால்லிங் அவரையும் அடுத்த தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தான். தானும் பற்றவைக்கவில்லை. சிப்ரன் பதினைந்து கல் தட்டியிருப்பார். வாயில் எச்சில் வற்றியது. எழுந்து, முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்தார். வீட்டை எட்டும்வரை நிற்கவில்லை என்பது கதவைத் திறக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் ஒன்பது வந்தது. மணி அடித்தது. அதே ஆட்கள், அதே வட்டம், அதே ஆரஞ்சுக் கேக். ஹெஸ்ஸல்தான் முதலில் எழுந்து கையை நீட்டினார். "வாழ்த்துக்கள் மச்சான். ஆறு வருஷம்."

சிப்ரன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"உக்காரு ஹெஸ்ஸல். ஆறு வருஷம் இல்ல. அந்த வருஷம் நவம்பர்லயே திரும்ப ஆரம்பிச்சுட்டேன். நீங்க கேக் கொண்டுவந்தப்பெல்லாம் நான் கொட்டகைக்குப் பின்னாடி புகைச்சுட்டுதான் இருந்தேன். இப்ப போன அக்டோபர் பதினாலுல இருந்து இல்ல. அஞ்சு மாசம் ஆகப்போகுது. அவ்வளவுதான்."

அறுபத்தெட்டு வருடத்தில் சிப்ரன் ஒரு அறையில் தன்னைக் குறைத்துச் சொன்னது அன்றுதான். காது மடல் சூடாகிவிட்டது. யாராவது எழுந்து போவார்கள் என்று காத்திருந்தார். யாரும் போகவில்லை. பௌக்யே கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். ஹெஸ்ஸல் தொண்டையைச் செருமினார்.

"தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்?"

"கொட்டகைக்கு மேல புகை வருதே, எங்க வீட்டு மாடியில இருந்து நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்குடா வருஷா வருஷம் வந்த?"

"நாட்காட்டியில எழுதியிருக்கே. வராம இருக்க முடியுமா?" என்றார் ஹெஸ்ஸல். "அதோட கேக் நல்லா இருக்கும்."

பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார். பௌக்யே இதுதான் சமயம் என்று, "கால் வலிக்குதுன்னும் தெரியும். என் கடையில பாதிக் கிழவங்க அதுக்குத்தான் நிக்கறாங்க" என்றாள். வட்டம் முழுக்கச் சிரித்தது. ஊரையே ஆறு வருடம் ஏமாற்றியதாக நினைத்திருந்த சிப்ரனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

சிரிக்காதது யெட்ஸ்கே ஒருத்திதான். காப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்த எதையோ எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். திரும்பி வந்து, "இன்னொரு துண்டு யாருக்கு வேணும்?" என்றாள். ஒரு துண்டுக்கு மேல் வேணுமா என்று கேட்காத வீடு அது. எல்லோரும் தட்டை நீட்டினார்கள்.

விருந்தாளிகள் போன பிறகு சிப்ரன் உள்ளே போய் உட்கார்ந்து நாட்காட்டியைப் புரட்டினார். மார்ச் ஒன்பதில் அந்தக் கறுப்பு மை அப்படியே இருந்தது. அக்டோபர் பதினாலில், ஒரு அத்தையின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில், யெட்ஸ்கேயின் சின்ன எழுத்தில் 'சிப்ரன்' என்று மட்டும் எழுதியிருந்தது. பென்சிலில்.

புது ஆள் வேலைக்குச் சேர்ந்தால் அவரும் அவன் பெயரைச் சம்பள ஏட்டில் முதல் வருடம் பென்சிலில்தான் எழுதுவார். ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டுத்தான் மை. அந்த முறையை வைத்ததே அவர்தான். இப்போது கோபப்பட வழியில்லை.

வெளியே வந்தபோது யெட்ஸ்கே மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மதியம் நடக்கப் போவல்ல? நானும் வரேன்" என்றாள். "எந்தக் கடை வரைக்கும் போவ?"

"கடையெல்லாம் தாண்டியாச்சு. கால்வாய் வரைக்கும்."

"பாப்போம்" என்றாள் யெட்ஸ்கே. அவர் கையைக் கோத்துக்கொண்டு, அவர் போட்ட கல்லில் இறங்கி நடந்தாள்.