மெனுவில் இருந்த சொல்

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் வெப்சைட்டைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய சைட்டின் மெனுவில் 'மகளிர்' என்பதை அழுத்தினால், அதற்குள் 'மலட்டுத்தன்மை சிகிச்சை' என்று ஒரு வரி திறக்கும்.

புதிதாக வடிவமைக்கும் முன், பழையதை யாராவது பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் வழக்கம். வராந்தாவில் காத்திருந்த ஒரு தம்பதியிடம் பேசினேன். எரியோடு ஊர்ப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள். பிள்ளை இல்லையென்று டாக்டரைப் பார்க்க வந்திருந்தார்கள். என் போனைக் கொடுத்து, "உங்களுக்கு வேண்டிய பிரிவை இதுல தேடிக் காட்டுறீங்களா?" என்றேன்.

கணவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "நமக்கு இதுல ஒண்ணும் காணோமேம்மா."

மனைவி போனை வாங்கி 'மகளிர்' என்பதை அழுத்தினார். அந்த வரி திறந்ததும் போனை மடியில் கவிழ்த்துவிட்டார்.

"என்னாச்சுக்கா?"

"ஊர்ல இந்தச் சொல்ல என் முதுகுக்குப் பின்னாடிதான் சொல்லுவாக. இங்க நானே அமுக்கணுமாக்கும்?"

கணவர் தணிந்த குரலில், "டாக்டரம்மா என்னையும்தான் டெஸ்ட் எடுக்கச் சொன்னாக. அதை ஏன் பொம்பளைக பக்கத்துல வச்சிருக்காக?" என்றார்.

இதை அந்த டாக்டரிடம் சொல்லி, மெனுவிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. "கூகுள்ல எல்லாரும் அந்த வார்த்தையப் போட்டுத்தானே தேடுறாங்க? எடுத்துட்டா நம்ம சைட்டே வராதேம்மா."

"உள்ள கட்டுரையில இருக்கட்டும் டாக்டர். அழுத்துற இடத்துல வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்கிட்ட அழுதவங்க எத்தனையோ பேரு. யாரும் இதைச் சொன்னதில்லையே" என்றார்.

வேறு சொல் கிடைப்பதும் எளிதாக இல்லை. 'குழந்தைப்பேறு' என்றால் பிரசவத்துக்கு வருகிறவர்களும் அதையே அழுத்துவார்கள். வரவேற்பறையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். வந்தவர்கள் பெரும்பாலும், "பிள்ளைக்காக வந்திருக்கோம்" என்றார்கள். அதையே எடுத்துக்கொண்டேன். மகளிர் பிரிவிலிருந்து பிரித்து, 'பிள்ளைக்காக வருவோர்' என்று தனியே வைத்து, உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள பரிசோதனைகளை எழுதினேன்.

அந்தத் தம்பதி அடுத்த முறை வந்தபோது புதியதைக் காட்டினேன். மனைவி தயங்காமல் அழுத்தினார். எட்டிப் பார்த்த கணவர், "இந்தா, ஆம்பளைகளுக்கும் போட்டிருக்காகளே!" என்று போனை வாங்கித் தன் பரிசோதனைக்குத் தானே நாள் பதிந்தார்.

அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "ஏம்மா, இத என் நாத்தனாருக்கு அனுப்பலாமா? அவளும் யாருகிட்டயும் கேக்க மாட்டாம கெடக்கா."