சாமி அறைக்கு மேல் உள்ள கூரை

பாச்சாங்கில் எங்கள் வீட்டுக் கூரை சோலார் பலகைகளைத் தாங்குமா என்று பார்க்க ஒரு தம்பி வந்தார். சீலிங்குக்கு மேல் ஏறியவரைக் கீழிருந்தே தடுத்தேன்.

“சாமி அறைக்கு மேல மட்டும் போகாதீங்க தம்பி!”

“பாக்காம ஓகே சொல்ல முடியாதுலா, அக்கா.”

“பூனை தினமும் அங்கதான் நடக்குது. அத நீ கேக்கலியே!” என்று என் கணவர் சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தம்பி இறங்கி வந்து, சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி, சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் ஏறினார். நான் முருகா முருகா என்று வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன்.

“அக்கா, இங்க கட்டையெல்லாம் கரையான் தின்னுருச்சு. பலகைய விடுங்க, ஓடே எப்ப வேணாலும் விழும்.”

சாமி தலைக்கு மேல் கால் படக்கூடாது என்று பதறிய நான், அதே கூரைக்குக் கீழேதான் தினமும் என் பிள்ளைகளை உட்காரவைத்துத் தேவாரம் பாடச் சொல்லியிருக்கிறேன்.