ஜன்னல் வழியாக வந்த வயர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கையை விட வேண்டும் என்றாலே எனக்குக் குமட்டும். இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். "வயரு இன்னா பாம்பா, கடிச்சிருமா?" என்பார். கொரட்டூர் ஏரி நிரம்பும் வருடங்களில் எங்கள் தெருவுக்குப் பாம்பும் வந்திருக்கிறது. பாம்பையாவது யாராவது வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த வயர்களைப் பிடித்துப்போக ஆள் இல்லை.

பிரிண்டர், இரண்டு ஸ்பீக்கர், மோடம், எப்போதோ செத்துப்போன இன்னொரு மோடம், ஹார்ட் டிஸ்க், யூபிஎஸ், வீட்டில் உள்ள அத்தனை போன்களின் சார்ஜர், கொசு அடிக்கும் பேட். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கின. அது போதாமல் அந்தப் பாக்ஸில் இன்னொரு பாக்ஸ். வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். அதனால் என் கணவர் தெருவைப் பார்த்த அந்த முன்னறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட் போதும் என்று முடிவு செய்தார். அன்று அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் இத்தனை வருடமாக நான் தரையில் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

எதையும் கழற்றவும் விட மாட்டார். "இந்த பிரிண்டர் வயர் இல்லாமலே வேலை செய்யுங்க, எடுத்துடலாங்க" என்றால், "வயர்ல வர்றதுதான் கரெக்டா வரும், நீ கம்னு இரு" என்பார். சொல்லி மாளாது.

நான் பக்கத்து ஊரான பாடியில் ஒரு லேத் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். பெரிய கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் ஆள் எடுத்தார்கள். ஒரு சான்றிதழ் தேர்வு எழுதித் தேறினால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சமையலை முடித்துவிட்டுப் பல மாதம் படித்தேன். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் விதிகள் கடுமை. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், மேசைக்கு அடியிலும் காட்ட வேண்டும். தேவையில்லாத எதுவும் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கக் கூடாது. ஆரம்பித்த பிறகு எழுந்து போகக் கூடாது, பேசக் கூடாது, கண் திரையை விட்டு விலகக் கூடாது.

மேசைக்கு அடியில் காட்ட வேண்டுமா! படித்தவுடன் உடம்பு கூசியது. முகம் தெரியாத ஒருவருக்கு அந்த அசிங்கத்தை எப்படிக் காட்டுவது?

முந்தின நாள் சனிக்கிழமை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தேன். வயர்களுக்குள் முடிச்சு முடிச்சாகத் தலைமுடி. கரப்பான் முட்டைகள். காய்ந்துபோன ஒரு பல்லி. அவர் படம் பார்த்துக்கொண்டே தின்கிற மிக்சர் உதிர்ந்து, எண்ணெயும் தூசியும் சேர்ந்து, ஒவ்வொரு வயரும் கையில் பிசுபிசுத்தது. நடுவில் ஒருதடவை போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

எது எங்கே போகிறது என்று குழம்பாமல் இருக்க என் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டேன். பிடுங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் பொட்டு. மானிட்டருக்குச் சிவப்பு, மோடத்துக்குப் பச்சை, யூபிஎஸ்ஸுக்கு மெரூன். பிறகு குறைக்க ஆரம்பித்தேன். பிரிண்டரை வைஃபையில் போட்டேன், அதன் வயர் போனது. மானிட்டரிலேயே சத்தம் வரும்போது ஸ்பீக்கர் எதற்கு? போனது. கீபோர்டும் மவுஸும் வயர் இல்லாததாக வாங்கி வைத்திருந்தேன். சார்ஜர்களைச் சமையலறைக்கு அனுப்பினேன். மிஞ்சிய நாலைந்து வயர்களைப் பழைய புடவைக் கரையைக் கிழித்து ஒன்றாகக் கட்டி, மேசைக் காலோடு சேர்த்து இறுக்கினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் மேசைப் பலகையின் அடியில் கொக்கி அடித்து மாட்டினேன். துடைத்ததும் தரை பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் இன்னாத்துக்கு கயட்டுன?" என்று செத்த மோடத்தின் வயரைக் குப்பையிலிருந்து பொறுக்கிப் பரணில் போட்டார்.

"நாளைக்குப் பரீட்சைங்க. காலையில பத்து மணிக்கு. யாரும் இந்த ரூம் பக்கம் வரக் கூடாதுங்க."

"தெரியும், தெரியும்" என்றார்.

மறுநாள் ஆடி ஞாயிறு. எங்கள் வீட்டை ஒட்டியே தெரு அம்மன் கோயில். அன்று கூழ் ஊற்றுகிறார்கள், அவர் கோயில் கமிட்டியில் இருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஆரம்பித்துவிட்டது. சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டேனே தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. குளித்துவிட்டு வந்து கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் திரையில் எழுத்தாக வந்தார். வெளியே சத்தத்துக்கு என்ன காரணம் என்று கேட்டார். கோயில் விழா என்று தட்டினேன். அறையைச் சுற்றிக் காட்டினேன். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார். கேமராவைக் கொஞ்சம் கர்வமாகவே கீழே இறக்கினேன்.

மின்னுகிற தரையில், ஜன்னல் கம்பி வழியாக ஒரு வயர் இறங்கியிருந்தது. சிவப்பும் கறுப்புமாக முறுக்கிய வயர், சேறு அப்பியிருந்தது. புடவைக் கரை அவிழ்ந்து கிடந்தது. கொக்கியிலிருந்து பாக்ஸைக் கழற்றித் தரையில் போட்டு, காலியாக இருந்த துளையில் அதைச் சொருகியிருந்தார்கள். நான் குளிக்கப் போன நேரத்தில் என் கணவர் அம்மனுக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான்.

அந்த வயர் வெளியே எங்கே போகிறது என்று கேள்வி வந்தது. உடனே அகற்றாவிட்டால் தேர்வு ரத்து என்றும் வந்தது. வெளியே போய்ச் சொல்லவும் முடியாது. பிடுங்கினேன். வயரை ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அம்மன் பாட்டு பாதி வரியில் நின்றது.

முதல் கேள்வியைப் படிக்கும்போதே ஜன்னல் அதிர்ந்தது.

"ஏய், இன்னாமே பண்ணே? ஆத்தா பாட்டையே நிறுத்திக்கினியே! கதவத் தொற!"

நான் திரும்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. திறந்தாலும் போச்சு, வாயைத் திறந்தாலும் போச்சு. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். வேறு ஆளின் குரல் கேட்கிறது, இது எச்சரிக்கை என்று திரையில் வந்தது. இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் அந்தக் கண்ணாடியை உடைத்துவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. அடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளி எங்கிருந்தோ பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

முடித்ததும் திரையிலேயே முடிவு வந்தது. தேறிவிட்டேன். தனியாக உட்கார்ந்து அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிர்வீட்டு அக்கா கூழ்ச் சொம்போடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரீட்சையா எயுதினே? கண்ணாடியில எட்டிப் பாக்கசொல்லதான் தெரிஞ்சுது. எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பாட்டையே அப்பால போட்டுக்கினு இருப்போமே. உன் ஊட்டுக்காரர நான்தான் இஸ்துக்கினு போனேன். எங்க ஊட்லேர்ந்து லைன் குட்த்தேன்."

"அவருக்குத் தெரியுமே அக்கா. நேத்தே சொன்னேனே."

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "காலையில மைக் செட்டுக்காரரு கேட்டாரும்மா, உனக்குத் தொந்தரவா இருக்காதான்னு. நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன். 'அவ சும்மாதான் கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு இருப்பா, நீ சொருவு'ன்னாரு."

முந்தின நாள் அந்தத் தலைமுடியையும் பல்லியையும் கையால் அள்ளியபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை.

அப்போதுதான் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னை முறைப்பார் என்று நினைத்தேன். அந்தக் கோபமெல்லாம் அவருக்கு எப்போதோ போய்விட்டிருந்தது. கையில் அதே வயர். பிளக்கின் பித்தளைக் காலில் கேழ்வரகுக் கூழ் ஒட்டியிருந்தது.

"பாஸாயிட்டேங்க" என்றேன்.

"அப்டியா, சரி. எதுர் ஊட்ல ட்ரிப் ஆயி கரண்டு நின்னு நின்னு போவுது. நம்ம பாக்ஸ்ல ஒண்ணு காலியாத்தான கீது, இப்ப சொருகிக்கட்டா?"

காலையிலிருந்து பேசக் கூடாது என்று இருந்தவள் நான். தேர்வு முடிந்துவிட்டது.

"சொருவாதே" என்றேன். தெரு முழுக்கக் கேட்டது.