நெடுந்தீவுப் பெட்டியின் சிவப்பு விளக்கு

எங்கள் தீவுகளுக்கு மேற்கே, கடலுக்கடியில் ஒரு நிலப்பிளவு இன்னும் அசைகிறதா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். காலுக்குத் தெரியாத சின்ன நடுக்கங்களையும் பதியும் கருவிகளை மூன்று இடங்களில் புதைத்தார். ஒன்று புளியங்கூடலில் என் வீட்டு வளவில், ஒன்று மடத்துவெளியில் ஆளில்லாத வீட்டில், மற்றது நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஓர் அக்காவின் காணியில். நான் புவியியல் படிப்பிக்கிறவள் என்பதால் மூன்றையும் கவனிக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்.

முதல் மாதம் முடிய வரைபடத்துடன் வந்தார். கடலில் ஏழெட்டுப் புள்ளிகள், புள்ளிக்கொரு நடுக்கம்.

"நெடுந்தீவுப் பதிவு இல்லாட்டி இதில ஒண்டும் வந்திராது. அவ்வளவு துப்புரவு," என்றார்.

"என்ர வளவுப் பதிவு?"

"உங்கட றோட்டால பஸ் ஓடுது, பக்கத்தில கிணத்து மோட்டர் இறைக்குது. சத்தம் கூட, ரீச்சர். அது உங்கட பிழையில்லை."

பிழையில்லை என்றதுதான் சுட்டது. அன்றிலிருந்து என் கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டு வாளியால் தண்ணீர் அள்ளினேன். பக்கத்து வீட்டிலும் கெஞ்சிப் பார்த்தேன். பஸ்ஸை என்ன செய்ய ஏலும்? ஒரு நாளும் புவியியல் படிக்காத அக்காவுக்கு, சும்மா இருந்த காணிக்காகக் கிடைத்த பெயர் அது என்று மனம் புழுங்கியது.

ஒவ்வொரு வெள்ளியும் அக்கா தன் காணியிலிருந்த கருவிப் பெட்டியைப் படமெடுத்து எனக்கு அனுப்புவார். ஒரு வெள்ளி, பச்சையாக இருக்கவேண்டிய விளக்கு சிவப்பாக இருந்தது. செய்மதியிலிருந்து நேரம் கிடைக்கவில்லை, உள்ளிருக்கும் மணிக்கூடு பிசகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிர்வு எந்தக் கருவிக்கு எத்தனை மணிக்கு வந்தது என்பதை ஒப்பிட்டுத்தான் நடுக்கம் பிறந்த இடத்தைக் குறிப்பார்கள். விரிவுரையாளருக்கு நான் ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். 'படம் கிடைத்தது' என்று அக்காவுக்கு மட்டும் பதில் போட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே.

அதற்குப் பிறகு ஒரு ஹர்த்தால் நாள். பஸ் இல்லை; மின்சாரமும் நின்றதால் பக்கத்து வீட்டு மோட்டரும் இல்லை. காலை பத்து மணியளவில் வந்த நடுக்கம் என் கருவியில் கண்ணாடிபோல விழுந்திருந்தது. மற்ற இரண்டிலும்கூட. அதுவரை வந்தவற்றில் பெரியது. விரிவுரையாளர் இரண்டு நாள் கணக்குப் பார்த்துவிட்டு, வரைபடத்தில் உள்ளே நிரப்பாத ஒரு வட்டம் போட்டார். இடமும் ஆழமும் நிச்சயமில்லை, நெடுந்தீவு நேரம் சரியில்லை என்றார்.

இருவரும் படகில் நெடுந்தீவுக்குப் போனோம். செய்மதி நேரத்தை வாங்கும் அன்ரெனாவின் வயரை மாடு சப்பியிருந்தது. அக்கா துண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ர கவனக்குறைவு, சேர். வந்த ஆக்களுக்கு வீண் அலைச்சல்."

விரிவுரையாளர் புது வயர் எடுக்கப் போன நேரம் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, சிவப்பு விளக்கை நான் முதல் படத்திலயே கண்டனான்."

"கண்டுமோ சொல்லேல்லை?"

"ஓம்."

"ஏன் பிள்ளை?"

"உங்கட பதிவால வரைபடத்தில வந்த புள்ளியளில எரிச்சல்."

அக்கா வயரைச் சுருட்டி மதிலில் வைத்தார். பிறகு, "சேருக்கு நீரே சொல்லும்," என்றார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இனிப் படங்களை அக்கா நேரே தனக்கு அனுப்பட்டும் என்றார். அது திட்டைவிட மோசம்.

படகுக்கு நேரம் இருந்தது. நான் கொண்டுபோன மடிக்கணினியில் ஹர்த்தால் நாள் நடுக்கத்தின் பதிவு திறந்திருந்தது; அக்கா கதிரையை இழுத்து அதற்கு முன்னால் போட்டார். "இந்தக் கோடு பாக்கிறதையும் காட்டித் தாரும். இல்லாட்டி இன்னொருக்காலும் ஏமாந்துபோவன்."

முதலில் வரும் அலையைக் காட்டினேன். இரண்டாவது அலை எங்கே தொடங்குகிறதென்று நான் தேடிக்கொண்டிருக்க, அக்கா விரலை வைத்தார். "இதிலதானே கோட்டின்ர நடை மாறுது?"

சரியான இடம். எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டார்; "ஓம், அக்கா," என்று அவர் விரல் வைத்த இடத்திலேயே குறியிட்டேன்.