பிலோமியின் திங்கட்கிழமைகள்

மஞ்சூருக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு பெண் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அதற்கு அடுத்த கேள்வியே கிடையாது. கொழுந்துப் பைதான் காரணம். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் பிராங்ளின் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தைலத்தையும் ஆறு மாத்திரையையும் தள்ளிவிடுவார். இருபது வருடமாக முதுகில் பை சுமக்கிறவளுக்கு வேறு எதனால் வலிக்கும் என்பது அவர் முடிவு. எங்கள் எல்லாருடைய முடிவும் அதுதான். பிலோமியின் நாலு வருடத்தைத் தின்றது இந்த முடிவுதான் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் கிருஷ்ணம்மாள். எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் எனக்கும் பிலோமிக்கும் நடுவே ஒரு சுவர்தான், அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவள் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் லிஜியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. நாற்பத்தேழு வயதில் தனியாள். கொழுந்து எடுப்பதில் அவள் கை வேகம் யாருக்கும் வராது. மாதா கோயிலில் ஜெபமாலையை அவள்தான் முன்நின்று சொல்வாள்.

வலி அவளுக்கு வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளே யாரோ முறுக்குவதுபோல வரும். வந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விடாது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் படுத்தாலும் ஒன்றுதான். பையை இடது பக்கம் மாற்றிப் பார்த்தாள். வாயுப் பிடிப்பு என்று சிலர் சொன்னதால் பூண்டை வதக்கித் தின்று பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதுகுக்குத் தெம்பு வரட்டும் என்று ஞாயிறுதோறும் ஆட்டெலும்பு சூப் வைத்துக் கொடுத்தேன், கொழுப்பு மேலே மிதக்க மிதக்க. எங்கள் லைனில் கொழுந்து எடுக்கிறவள் முதுகுக்கு அதுதான் வைத்தியம். பாவி மனுஷி, மிச்சம் வைக்காமல் குடிப்பாள். சாயங்காலமே முதுகில் வலி தொடங்கும், வயிற்றைப் புரட்டும். திங்கட்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியாது.

எஸ்டேட்டில் திங்கட்கிழமை வேலைக்கு வராதவன் என்றால் ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுக் கிடந்தவன் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் இருந்த ஒரே பெண் பிலோமி. முதலில் மேஸ்திரி பாலன் அரசல்புரசலாகப் பேசினான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரில், நாற்பது பேர் முன்னால் அவள் முகத்துக்கு நேரே குனிந்து வாயை மோந்து பார்த்தான். அவள் சாராய வாடையே ஆகாமல் புருஷனோடு பதினெட்டு வருடம் சண்டை போட்டவள்.

ஆபீசிலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்தது. குடிப்பழக்கத்தால் திங்கட்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். இந்த நாறப் பேரோடு மகள் வீட்டுப் படியேற மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

இந்த வருடம் தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் அவள் கவிச்சி தொட மாட்டாள், எண்ணெய்ப் பலகாரம்கூடக் கிடையாது. கஞ்சியும் துவையலும்தான். என் சூப்பையும் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நாற்பது நாளும் வலி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு திங்கட்கிழமைகூட அவள் லீவு போடவில்லை. பை அதே பைதான், கனமும் அதேதான். எங்களில் ஒருத்தருக்காவது அது உறைத்திருக்க வேண்டாமா? பிராங்ளின் தான் மாற்றிக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்றார். நான் மாதா கண் திறந்தாள் என்றேன். பாலன் என்ன சொன்னான் தெரியுமா? தவக்காலத்தில் குடியை நிறுத்தியிருக்கிறாள், அதனால்தான் ஒழுங்காக வருகிறாள் என்று மஸ்டரிலேயே சொன்னான். அவள் இருந்த நோன்பையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினான் அந்த மனுஷன்.

ஈஸ்டர் அன்று நான் மறுபடியும் ஆட்டுக்கறியும் சூப்பும் கொண்டுபோனேன். நாற்பது நாள் கழித்து ஆசையாகச் சாப்பிட்டாள். மாலை ஐந்து மணிக்குச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள், உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வாந்தி நிற்கவில்லை. தைலத்தை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். ஜீப் பிடித்து ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. முதுகைத் தொட்டுப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னைக்கு என்னம்மா சாப்ட்டீங்க?"

நாலு வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. நான்தான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிப் போனது. டாக்டரம்மா அவள் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சில் அலறிவிட்டாள்.

ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும், கல் வழியை அடைக்கும், அந்த வலி சிலருக்கு வயிற்றோடு நிற்காமல் வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் ஏறும் என்று டாக்டரம்மா விளக்கினார். பை சுமந்து வந்த வலி என்றால் சுமக்கும்போதுதானே வரும், ஓய்வு நாளில் பார்த்து ஏன் வருகிறது என்றும் கேட்டார். கல் உங்கள் சூப்பால் உண்டானது இல்லை, வலியைத்தான் அது கிளப்பியிருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்தினார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. மருந்து என்று சொல்லி நோவை ஊட்டியவள் நான்.

சீழ் வைக்கத் தொடங்கியிருந்த பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார்கள்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஃபீல்டு ஆபீசர் புரட்டிப் பார்த்தார். லீவை ஏற்றுக்கொள்வதாகவும் மூன்றாவது நோட்டீஸ் வராது என்றும் சொன்னார். அதோடு எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பழைய இரண்டு நோட்டீசையும் ரத்து செய்து எழுத்தில் வேண்டும் என்றாள்.

"அதான் உடம்பு சரியாயிடுச்சில்லம்மா, விடுங்க" என்றார் அவர்.

"உடம்பு சரியானது டாக்டரம்மாவாலீங்க சார். குடிகாரின்னு எழுதுனது நீங்க. நீங்கதான் சரி பண்ணோணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிலோமி அதைப் படித்துவிட்டு அவரிடமே திருப்பி நீட்டினாள். நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும், மஸ்டரில் வாசியுங்கள் என்றாள். வாசிக்காமல் வேலையில் இறங்க மாட்டேன், வீட்டையும் காலி செய்ய மாட்டேன், யூனியனுக்குப் போவேன் என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

அடுத்த மஸ்டரில் பனியில் நாங்கள் எல்லாரும் நின்றோம். பாலன் பேர் நோட்டைத் திறந்து அதிலேயே கண்ணாக இருந்தான். பிராங்ளினும் டிஸ்பென்சரி வாசலுக்கு வந்திருந்தார். ஃபீல்டு ஆபீசர் காகிதத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, குடிப்பழக்கம் என்று குறித்தது தவறு, நோயால்தான் விடுப்பு, நோட்டீஸ்கள் ரத்து என்று வாய்க்குள்ளேயே வாசித்து முடித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க சார்" என்றாள் பிலோமி.

அவர் மறுபடியும் பிரித்து, இந்த முறை சத்தமாக வாசித்தார்.