மகள் சொல்லாத முதலாமிடம்

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் காங்கேசன்துறையை விட்டு வெளிக்கிட்டபோது இரண்டு நாளைக்கான உடுப்புத்தான் எடுத்தோம். நான், மனைவி, எட்டு வயது மகள். சீமெந்துத் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற வேலை எனக்கு. எது நின்றாலும் சில நாளில் ஓட வைத்துவிடுவேன் என்ற தலைக்கனம் அப்போது நிறையவே இருந்தது. யுத்தத்தையும் அந்தக் கணக்கில்தான் போட்டேன். "ரெண்டு கிழமையிலை திரும்பிடுவம்" என்றேன். மனைவி தோசைக்கல்லைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் கட்டினாள். "உதென்னத்துக்கு?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

மானிப்பாய்ப் பக்கத்தில் மனைவியின் தூரத்து உறவுக்காரர் ஒருவர், வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் காயத் தொங்கவிடுகிற கொட்டிலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். மண்சுவர், தென்னங்கிடுகுக் கூரை. முதல் வாரம் முழுக்கத் தலைமயிரில்கூட வெங்காயம் மணத்தது. அந்த மனிதர் எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நான்தான் வேண்டா வெறுப்பாக இருந்தேன். சுவரில் ஓர் ஆணி அடிக்க விடவில்லை. ஆணி அடித்தால் குடியிருக்க வந்தவர்கள் ஆகிவிடுவோம் என்பது என் எண்ணம். உடுப்புகள் பையிலேயே கிடந்தன. மனைவி நாலு மிளகாய்க் கன்று நடப் போனாள். "உது காய்க்க முந்தி நாங்கள் வீட்டை நிப்பம்" என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

நான் சொன்ன இரண்டு கிழமை நான்கு மாதமாயிற்று. மகள் கொட்டில் வாசலில் சும்மா இருந்தாள்.

"பள்ளிக்கூடம் கிட்டத்தானே இருக்கு. பிள்ளையைச் சேர்த்து விடுவமப்பா" என்றாள் மனைவி.

"சேர்க்கிறதெண்டால் விடுகைப் பத்திரம் எடுக்கவேணும். எங்கடை பள்ளிக்கூடத்திலை பேரை வெட்டிப்போடுவினம். பிறகு திரும்பிப் போய் எந்த முகத்தோடை கேக்கிறது?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் ஒரு குருவியும் இல்லை. அதன் அதிபரும் எங்களைப்போல எங்கேயோ ஒரு கொட்டிலில் இருந்தார். பெயரை வெட்டுவதற்கு மாணவர் பெயர் எழுதிய இடாப்பு எங்கே என்று அவருக்கே தெரியாது. இதெல்லாம் தெரிந்துகொண்டும் நான் ஒற்றைக் காலில் நின்றேன். ஒருநாள் மனைவி என்னிடம் சொல்லாமலே மகளைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். மூன்று நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கரண்ட் இல்லை, பற்றரியும் இல்லை. பொழுது படுகிற நேரம் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவுவோம். மகள் ஏறியிருந்து மிதிப்பாள். நான் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு, எங்கள் ஊருக்குத் திரும்பிப்போக ஆமி எப்போது விடப்போகிறது என்று கேட்பேன். அவள் களைத்தால் ரேடியோவும் களைத்துவிடும். "மிதி பிள்ளை!" என்று அதட்டுவேன். செய்தி முடிந்ததும் அவளிடம் என் விசாரணை தொடங்கும்.

"உந்தப் பள்ளிக்கூடம் எங்கடை மாதிரியே?"

"இல்லை அப்பா."

"ரீச்சர்மார்?"

"அங்கத்தை ரீச்சர்தான் நல்லம்."

"கூட்டாளிமார் ஆரும் இருக்கினமே?"

"இல்லை அப்பா."

அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு கூட்டாளி இல்லை என்பதைக் கேட்டு ஆறுதல்பட்டவன் நான். அவளுக்கும் இந்த இடம் ஒட்டவில்லை, என்னோடு சேர்ந்து அவளும் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. தோட்டங்களில் நீர் இறைக்கும் மெஷின்களைத் திருத்திச் சீவித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடக் கடையில் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். வெங்காயக் கொட்டில் என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அட, எங்கடை ஓட்டக்காரியின்ரை அப்பாவே! நான் அவவின்ரை வகுப்பு வாத்தியார். நூறு மீற்றரிலை முதலாமிடமெல்லோ! பள்ளிக்கூடமே எழும்பி நிண்டு கத்தினது. அண்டைக்கு உங்களைக் காணேல்லை?"

"கொஞ்சம் வேலை" என்றேன். அப்படி ஒரு போட்டி நடந்ததே எனக்குத் தெரியாது.

"அவவாலை எனக்குப் பெரிய கரைச்சல் கண்டியளோ" என்று அவர் சிரித்தார். "வகுப்பிலை ஒரே சிரிப்பு. கூட்டாளிமார் நாலு பேரையும் நாலு மூலையிலை இருத்திப்போட்டன். அப்பிடியும் நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகள் அதிகம் வாய் திறவாத பிள்ளை.

கொட்டிலுக்கு வந்தபோது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். "நீ ஓட்டத்திலை முதலாமிடமாமே?" என்றேன். அவளுடைய முகம் வெளிறிப் போயிற்று. தாயைத் தேடிப் பார்த்தாள்.

"பரிசு தந்தவையோ?"

"சாப்பாட்டுப் பெட்டி. கூட்டாளி வீட்டிலை வைச்சிருக்கிறன்."

"ஏன் இஞ்சை கொண்டுவரேல்லை?"

என் குரல் வழக்கம்போல உயர்ந்துவிட்டது. அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "கோவிக்காதேங்கோ அப்பா. இனி ஓடமாட்டன். எங்கடை வீட்டை போனாப்பிறகு ஓடுறன்."

மனைவி அடுப்படியிலிருந்து வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தான் சந்தோசமா இருந்தால் அப்பாவுக்குக் கவலை வருமெண்டு எனக்குச் சொல்லுறவள்" என்றாள். "பள்ளிக்கூடத்தாலை வரேக்கை, படலையடியிலை கொஞ்ச நேரம் நிண்டு முகத்தை மாத்திப்போட்டுத்தான் உள்ளை வாறவள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு போனது, வேலை போனது என்று இரண்டு வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என் பிள்ளையின் சிரிப்பைப் பறித்தது ஷெல் குண்டு இல்லை. அதைச் செய்தவன் நான்தான். திரும்பிப் போகும் நாளில்தான் வாழ்க்கை தொடங்கும், அதுவரைக்கும் யாரும் இங்கே சந்தோஷமாக இருக்கக்கூடாது என்று நான் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருந்தது.

அடுத்தநாள் அவளைச் சைக்கிளில் ஏற்றிப்போய், கூட்டாளி வீட்டிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன். பின்னேரங்களில் விசாரணையை நிறுத்தினேன். "இண்டைக்கு என்னத்துக்குச் சிரிச்சனி?" என்று கேட்கப் பழகினேன். முதல் நாள் என் முகத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, "சிரிக்கேல்லை அப்பா" என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு, வகுப்பு வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி கிணற்றுக்குள் விழுந்த கதையைச் சொன்னாள். அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள்.

அடுத்த வருட விளையாட்டுப் போட்டிக்கு நான் வேளைக்கே போய், ஓட்டம் முடிகிற நாடா கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். விசில் ஊதினதும் அவள் எல்லோரையும் பின்னுக்கு விட்டுவிட்டு வந்தாள். அவள் அப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் என்னை மறந்து கத்தினேன். நாடாவுக்கு இருபது அடி இருக்கும்போது அவள் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அவளுக்கு அது போதவில்லை, வேகத்தைக் குறைத்து இன்னுமொருதரம் பார்த்தாள். அதற்குள் பின்னால் வந்த பிள்ளை நாடாவை அறுத்துவிட்டது.

மூச்சு வாங்க நேரே என்னிடம்தான் ஓடி வந்தாள். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

"அப்பா, உங்களுக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டாள்.